கொண்டை இல்லாத மயில்

மேலக்குறிச்சி ஜமீன்தாருக்குக் கோபம் மூக்குக்கு மேலே. கையில் கிடைத்த பீங்கானை வீசி உடைப்பார். அரண்மனையில் கூட்டிப் பெருக்கும் வெள்ளத்தாயி அந்த உடைசல்களைப் பொறுக்கி, தோட்டத்துச் சுவரில் சுண்ணாம்புக் கலவையில் பதித்து ஒரு மயில் செய்துகொண்டிருந்தாள்.

விருந்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள்.

"எல்லாம் என் வீட்டுச் சாமான். ஆக, மயிலும் என்னுடையது" என்றார் ஜமீன்தார்.

"கொண்டையைக் காணோமே?" என்றார் ஒரு விருந்தாளி.

ஜமீன்தார் வெள்ளத்தாயியை முறைத்தார். "பொழுது சாய்வதற்குள் கொண்டை வை. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை."

"எசமான் மனசு வெச்சா முடிஞ்சிரும்" என்றாள் அவள்.

"நான் என்ன செய்யணும்?"

"கழுத்து, குழம்புல உப்பு கூடுன அன்னிக்கு நீங்க வீசுன நீலத் தட்டு. தோகை பூராவும் ஆறிப்போன காப்பிக் கோப்பைங்க. கொண்டைக்குப் பச்சைதான் பாக்கி. இன்னிக்கு உங்களுக்கு ரசம் பச்சைக் கிண்ணத்துல."

விருந்தாளிகள் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மதியம் ரசம் உப்புக் கரித்தது. ஜமீன்தார் கிண்ணத்தை ஓங்கினார். பந்தி முழுவதும் அவர் கையையே பார்த்தது. மெதுவாக இறக்கி, மிச்சத்தையும் குடித்தார்.

"ரசம் பிரமாதம்" என்றார்.

வெள்ளத்தாயிக்கு வேலையும் போகவில்லை; மயிலுக்குக் கொண்டையும் முளைக்கவில்லை.