இரத்த வங்கியின் சிவப்புப் புள்ளி

அருளானந்தத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. தொலைபேசி நிலையத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். நெல்லையில் மருத்துவமனைகளின் கணினிகளைக் கண்காணிக்கும் அறைக்கு வேலை கற்க வந்தார். கற்றுக்கொடுத்தவர் செண்பகவல்லி, அருளானந்தத்தின் மகளைவிட இரண்டே வயது மூத்தவர். அவரைக் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதில் அருளானந்தத்துக்குப் பெருமை.

ஒரு காலையில் கண்காணிப்புத் திரையில் இரத்த வங்கியின் தகவல்களை வைத்திருக்கும் சர்வர் கணினி சிவப்புப் புள்ளியாக மாறியது. அது இயங்கவில்லை என்று பொருள். முந்தைய நாள்தான் அதை வேறு கட்டடத்துக்கு மாற்றி, கணினி வலையில் புது முகவரி கொடுத்திருந்தார்கள்; பழைய முகவரியை அன்று காலையில்தான் துண்டித்தார்கள். பெயர் பழையதுதான். அருளானந்தம் தன் கணினியில் அந்தப் பெயரைத் தட்டினார். புது முகவரி வந்தது. சர்வரும் பதில் சொன்னது. திரை மட்டும் சிவப்பிலேயே நின்றது.

அரை மணி நேரம் சிவப்பாக இருந்தால் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும் என்பது அங்கே விதி. இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

"எதை நம்புவது மேடம்? திரையையா, என் கணினியையா?"

செண்பகவல்லி தொலைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இரத்த வங்கியில் பேசிய நர்ஸின் குரலில் சிரிப்பு நிறைந்திருந்தது. அரிய வகை இரத்தம் கொடுப்பவர் ஒருவரை விடியற்காலையில் கணினியில்தான் தேடிப் பிடித்தார்களாம். அவர் ஓடி வந்து கொடுத்தாராம். பிரசவத்தில் அந்த இரத்தம் தேவைப்பட்ட தாய்க்கு இரட்டைப் பெண் குழந்தைகள், மூவரும் நலம். கைவசம் வைக்க இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், எதையும் நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

அருளானந்தம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பிறகு இருவரும் கண்காணிப்பு மென்பொருளின் பதிவைத் திறந்து பார்த்தார்கள். இரத்த வங்கியின் முகவரியை அது கடைசியாகக் கேட்டது நாற்பது நாளுக்கு முன்பு. அன்று கிடைத்ததையே நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைவை அழிக்கும் பொத்தானைச் செண்பகவல்லி காட்ட, அருளானந்தம் அழுத்தினார். மென்பொருள் முகவரியைப் புதிதாகக் கேட்டது. புள்ளி பச்சையானது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவர் கைதட்டினார்.

தேநீர் குடிக்கும்போதும் அவருக்கு ஒன்று உறுத்தியது.

"இவ்வளவு நேரமும் அது நம்மிடம் பொய்யா சொன்னது?"

"இல்லை அண்ணாச்சி," என்றார் செண்பகவல்லி. "காலி செய்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, யாருமில்லை என்று உண்மையைத்தான் சொன்னது."