நாரை கீறிய நாற்பது கோடுகள்

பூவரசங்குளத்தில் நெடுங்காலன் என்றொரு நாரை இருந்தது. நாரை தவளைக் குஞ்சுகளைத் தின்னாதா என்று கேட்காதீர்கள். அதற்கு அளவெடுக்கும் பைத்தியம். அந்தப் பைத்தியம் பிடித்தவனுக்குப் பசி எங்கே தெரியப் போகிறது!

விடிந்ததும் குளத்தில் இறங்கும். தண்ணீர் எத்தனை விரல் குறைந்தது, எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் பாசி என்று பார்க்கும். பிறகு கரையிலுள்ள உயரமான பாறையில் அலகால் கீறும். நெட்டைக் கோடு, குட்டைக் கோடு, சாய்ந்த கோடு என்று மொத்தம் நாற்பது!

"குளத்தின் ஜாதகமே இதில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்!" என்று பெருமையடித்துக்கொள்ளும்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அது நெடுங்காலனுக்குத் தெரியவும் இல்லை.

குளத்தோரம் ஒரு பள்ளம் இருந்தது. நுணலி என்ற தவளையின் தலைப்பிரட்டைகள் அதில்தான் வளர்ந்தன. பள்ளத்திலிருந்து குளத்துக்குப் போக ஒரே ஒரு சின்ன வாய்க்கால். கோடையில் ஒருநாள் அந்த வாய்க்கால் வற்றிவிட்டது. குஞ்சுகள் பள்ளத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டு துடித்தன.

"ஐயையோ, என் பிள்ளைகள்!" என்று நுணலி அலறியது.

நெடுங்காலன் பறந்து வந்தது. "மூன்று நாளாகப் பாறையில் கீறி வைத்திருக்கிறேனே! சாய்ந்த கோட்டுக்குக் கீழே குட்டைக் கோடு வந்தால் வாய்க்கால் வற்றப் போகிறது என்று அர்த்தம். பார்த்திருக்கக் கூடாதா?"

நுணலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கள் உயரத்துக்கு எழுதியிருக்கிறீர்களே அண்ணே! எனக்குக் கழுத்தே கிடையாது. நான் எப்படி அண்ணாந்து பார்ப்பேன்? பார்த்தாலும் நாற்பது கோட்டில் என் பிள்ளைகளின் உயிர் எந்தக் கோடு?"



நல்லவேளை, தண்ணீர் குடிக்க வந்த காரி என்ற எருமை விஷயத்தைப் புரிந்துகொண்டது. குளம்பால் சேற்றைக் கிளறி வாய்க்காலை ஆழமாக்கியது. சலசலவென்று தண்ணீர் பாய, குஞ்சுகள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று குளத்துக்குள் ஓடின.

நெடுங்காலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் அது தண்ணீரை அளக்கவில்லை. வீடு வீடாகப் போனது. "உங்களுக்கு என்ன தெரியவேண்டும்?" என்று முதன்முறையாகக் கேட்டது.

"இங்கே இருக்கலாமா, கிளம்பணுமா? அவ்வளவுதான் மாமா!" என்றன தலைப்பிரட்டைகள்.

"எனக்குக் கண் மங்கல் தம்பி. தடவிப் பார்க்கிற மாதிரி வை" என்றது கிழட்டு ஆமை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதப்பா. எந்தத் துறையில் குடிக்கலாம் என்று மட்டும் சொல்" என்றது காரி.

நெடுங்காலன் வாய்க்காலுக்குள்ளேயே ஒரு வெள்ளைக்கல்லை நட்டது. கல்லின் தலை வெளியே தெரிந்தால் கிளம்பவேண்டும். அது ஆமை தடவிப் பார்க்கத் தோதான சொரசொரப்புக் கல். நல்ல தண்ணீர்த் துறையில் தினமும் பச்சைக் கிளை ஒன்றை ஊன்றியது. நாற்பது கோட்டையும் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் நோண்டிப் பார்க்கும் ஒரு மீன்கொத்திக்கு அந்தக் கோடுகள் பிடித்திருந்தன!

அடுத்த கோடையில் நெடுங்காலன் பக்கத்து ஊர் ஏரிக்குப் போயிருந்தது. திரும்பி வந்தால், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பள்ளம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "போச்சே! நான் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் போச்சே!" என்று பள்ளத்தில் தேடியது. ஒரு குஞ்சின் வால்கூட இல்லை.

"மாமா, அங்கே என்ன தேடுகிறீர்கள்?" என்று குளத்து நடுவிலிருந்து ஒரு பொடிக்குரல் கேட்டது. அந்த வருஷத்துத் தலைப்பிரட்டைகள் மொத்தமும் அங்கே கும்மாளமிட்டுக்கொண்டிருந்தன. "கல் தலை காட்டிய அன்றே வந்துவிட்டோமே!"

நெடுங்காலனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைக் கேட்காமலே அவை பிழைத்துக்கொண்டதில் அதற்கு அத்தனை சந்தோஷம்.

நமக்குத் தெரிந்தது பிறருக்கு உதவவேண்டுமானால், அதைப் பார்ப்பவரின் கண்ணுக்கு எட்டும்படி, அவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும்.