உண்ணாதவங்க உண்டா

"சாமி, செத்தவங்க எங்களைத் திரும்பச் சேத்துக்குவாங்களா?"

கேட்டவர் பொன்னுருவி மலையூரின் ஊர்க்கவுண்டர் கரியராமன். வயசு அறுபது. சாமி என்று எல்லாரும் கூப்பிடும் சாமியார் அவரைவிடப் பத்து வயசு இளையவர். அடிவாரத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் மலை சரிந்து பாதி ஊரை மூடியது. பதினெட்டுப் பேர் போனார்கள். மிச்சப்பேர் அடிவாரத்துத் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது சர்க்கார், சரிவுக்கு அந்தப் பக்கம் பாறைமேட்டில் வீடு கட்டித் தருகிறேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லணும். இல்லையென்றால் இடம் காட்டிலாகாவுக்குப் போய்விடும். கவுண்டர் ஏறினால் நாங்களும் ஏறுகிறோம் என்கிறது ஊர்.

கவுண்டருக்குத்தான் கால் வரவில்லை.

மலை சரிந்த அன்று அவர் சந்தைக்குப் போயிருந்தார். வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று சோற்றை மூடிவைத்துக் காத்திருந்த பெண்சாதி வீட்டோடு போனாள்.

அவள் தங்கச்சி வெள்ளச்சி அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. அடுத்த கொட்டகைதான். அவர் தலை தெரிந்தால் கோழியைத் திட்டுவாள். திட்டு யாருக்கு என்று கோழிக்கும் தெரியும்.

எல்லாம் கேட்டுவிட்டு சாமி, மேலே சோறு தின்கிற வழக்கம் எப்படி என்று விசாரித்தார்.

முதல் கவளத்துக்கு முன்னால் வாசலில் நின்று, உண்ணாதவங்க உண்டா என்று ஒரு குரல் கொடுப்போம். பதில் வரவில்லை என்றால்தான் கை நனைப்போம் என்றார் கவுண்டர். கீழே வந்து அது நின்றுபோச்சாம். கூப்பிட்டால் கொட்டகையே எழுந்து வந்துவிடுமாம்.

சாமி சிரித்தார். ஒரு பிடி சாமையை எடுத்து அவர் துண்டில் போட்டார்.

"உன் வாசல்ல போய்ப் பொங்கு. குரல் கொடுத்துட்டுத் தின்னு."

"உப்பு?"

"மேல கிடைக்கும்."

"ஏழு வருஷமா ஆளில்லாத ஊர்ல உப்பு ஏது சாமி?"

சாமி புளியைத் தட்டினார்.

மறுநாள் உச்சிவெயிலில் கவுண்டர் ஊர் போய்ச் சேர்ந்தார். சரிவெல்லாம் புல் மூடிக் கிடந்தது. எலுமிச்சை யாரையும் கேட்காமல் காய்த்திருந்தது. அவர் வீட்டில் வாசற்படி மட்டும் மிச்சம்.

மூணு கல் கூட்டிப் பொங்கினார். படியில் ஏறி நின்றார். கூப்பிட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

சாமை ஆறிக்கொண்டிருந்தது.

"உண்ணாதவங்க உண்டா?"

மலை சும்மா இருந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கையை இலைக்குக் கொண்டுபோனார்.

எதிர்வீட்டு இடிசுவருக்குப் பின்னாலிருந்து வெள்ளச்சி எழுந்து வந்தாள். கையில் ஒரு இலைப் பொட்டலம். பிரித்து அவர் முன்னால் வைத்தாள். உப்பு.

"சாமி எனக்கு இதை மட்டும்தான் குடுத்துச்சு. மேல போயி இரு, யாராச்சும் கூப்பிட்டா போன்னுச்சு."

கவுண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு குரல் கொடுக்க இம்புட்டு நாளா, மாமா?"

அவர் படியில் நகர்ந்து இடம் விட்டார்.