பார்லரில் வேலைக்குச் சேர்ந்த பூதம்

கோவில்பட்டியில் ஒரு காலத்தில் வெயில் எப்படி அடித்தது தெரியுமா? கடலைமிட்டாய் போடுகிறவர்கள் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். வெல்லச் சட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் பாகு தயாராக இருக்கும். அந்தக் காலத்தில்தான் ஒரு பூதம் பியூட்டி பார்லரில் வேலைக்குச் சேர்ந்தது.

பயப்பட வேண்டாம். புது வீடு கட்டும்போது கண் படாமலிருக்க முன்னால் தொங்கவிடுவார்களே, அந்தத் திருஷ்டி பொம்மைதான். தகரத்தில் ஒரு முகம். முட்டைக்கண், தேங்காய் நார் மீசை, இரண்டு கோரைப்பல், தாடையைத் தாண்டித் தொங்கும் சிவப்பு நாக்கு. பார்லர் நடத்திய செண்பகவல்லியின் புருஷன் கொத்தனார். ஒரு வீட்டு வேலை முடிந்ததும் பூதத்தைச் சும்மா போடுவானேன் என்று கொண்டுவந்து, பார்லர் வாசல் தூணில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்தே அழகு வேலை பார்க்கிறவர்கள். முகத்தில் முதல் பூச்சாகப் பூசும் ஃபவுண்டேஷன் பாட்டில்தான் அவர்களுக்குத் தலைவி. கண்ணாடிக் கதவு வழியாக அது பூதத்தை ஏற இறங்கப் பார்த்தது.

"நீரு எந்தக் கம்பெனி?"

"எனக்கு ஏது தாயி கம்பெனி? கட்டட வேலை. சிமெண்ட் மூட்டைகூடப் படுத்துக் கிடந்தவன்."

"இங்க என்ன வேலை உமக்கு?"

"அங்க பார்த்த வேலைதான். வாரவுகளைப் பார்த்து முழிக்கிறது."

"முதல்ல அந்த நாக்கை உள்ள போட்டுட்டுப் பேசும்வே," என்றது ஹேர் டிரையர். அதற்கு எப்போதும் சூடான வாய்.

"அது பிறக்கும்போதே அப்படி. இந்த நாக்கை வெச்சுக்கிட்டு நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் பழிச்சதில்ல," என்றது பூதம்.

பார்லருக்கு வருகிற பெண்கள் படியேறும்போதே பூதத்தைப் பார்ப்பார்கள். முதலில் திடுக்கிடுவார்கள். அப்புறம் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

"ஏக்கா, எங்க மாமியார் போட்டோ உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"காலையில எந்திரிச்சதும் எங்க வீட்டுக்காரர் இதே மாதிரிதான்க்கா முழிப்பாரு."

சிரிப்பும் கும்மாளமுமாக உள்ளே வந்து கண்ணாடி முன்னால் உட்காருவார்கள். கொஞ்சம் பவுடர், கொஞ்சம் மை, போதும் என்று எழுந்து போய்விடுவார்கள். ஃபவுண்டேஷனுக்கு வயிறு எரியும்.

"பார்த்தீரா, வாரவ போறவ எல்லாம் உம்மைப் பார்த்துச் சிரிக்கா. எங்க மானம் போகுது."

ஒருநாள் அழகுச் சாமான் விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருந்தார். அதற்கே அவருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்ன மேடம், சோப்புக்கடை வாசல்ல சேத்தைக் குழைச்சு வெச்ச மாதிரி இருக்கு?"

செண்பகவல்லிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வியாழக்கிழமை ஒரு கல்யாணப் பொண்ணு அலங்காரத்துக்கு வருது சார். அதுக்குள்ள குப்பை வண்டியில போட்டிருதேன்."

பூதத்தின் நாக்கு ஆடாமல் நின்றது. லிப்ஸ்டிக்குக் கொஞ்சம் இளகின மனசு.

"என்ன அண்ணாச்சி, பேச்சையே காணோம்?"

"வீடு கட்டி முடிஞ்சா என்னை யாருக்கும் வேண்டாம் தாயி. இந்த இடத்தைப் பார்த்ததும் சந்தோசப்பட்டேன். மூஞ்சிங்கிறது கட்டி முடியாத வீடு, இங்க நமக்குக் காலத்துக்கும் வேலை உண்டுன்னு நெனச்சேன்."

"அவ்வளவுதானே? உங்களை அழகாக்கிட்டா யாரு தூக்கிப் போடப் போறா?" என்றது லிப்ஸ்டிக்.

மறுநாள் செண்பகவல்லி கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். ஆணி கொஞ்சம் கண்ணசந்தது. பூதம் இறங்கி உள்ளே போனது. பூட்டின கதவு வழியாக எப்படிப் போனது என்று கேட்கிறவர்கள் கோவில்பட்டிக்குப் போய்ப் பூட்டைத்தான் கேட்க வேண்டும்.

ஃபவுண்டேஷன் சுவருக்குப் பூசுவது போலப் பூசியது. முடி பிடுங்கும் வாக்ஸ் மீசையில் ஒட்டிக்கொண்டு ஒரே இழு. பூதம் போட்ட அலறலில், ஹாரன் என்று நினைத்து எட்டயபுரம் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. நாக்கை மடக்கி உள்ளே தள்ளி, மிச்ச வாக்ஸை வைத்து ஒட்டினார்கள். அதன்மேல் லிப்ஸ்டிக் ஒரு சின்ன உதடு வரைந்தது. கடைசியாக ஒட்டு இமைமுடி இரண்டும் வந்து கண்மேல் உட்கார்ந்தன.

திரும்பி வந்த செண்பகவல்லி தூணைப் பார்த்து அசந்துபோனாள். காலண்டரிலிருந்து இறங்கி வந்தது மாதிரி ஒரு முகம். "அட, நம்ம வீட்டுக்காரர் கைக்குள்ள இப்படி ஒரு கலையா!" என்று புருஷன் பெயரில் எழுதிக்கொண்டாள். அன்று அவருக்குச் சோற்றோடு இரண்டு முட்டை கூடுதலாகக் கிடைத்தது. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

குப்பை வண்டிப் பேச்சு அதோடு நின்றது. கூடவே சிரிப்பும் நின்றது.

படியேறுகிற பெண்கள் பூதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே வந்து உம்மென்று உட்கார்ந்தார்கள்.

"ஏக்கா, வாசல்ல இருக்கிறதுக்குப் போட்டதை எனக்கும் போடுங்க."

போட்டாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். அதுவும் போதவில்லை. ஃபவுண்டேஷனுக்கோ தலைகால் புரியவில்லை. "பார்த்தீரா அண்ணாச்சி, சிரிப்பு போச்சு, வியாபாரம் வந்துச்சு!"

பூதத்தால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கல்யாணப் பெண் சண்முகப்பிரியா தன் சித்தியோடு வந்தாள். சாயந்தரம் மண்டபத்தில் வரவேற்பு. அவளும் வாசலில் நின்றாள், பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

செண்பகவல்லி அலங்காரம் முடித்தாள். பெண் தலையாட்டினாள். "மூக்கு பெருசாத் தெரியுதுக்கா." துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். "வாசல்ல உள்ளது மாதிரி இல்லையே." அதையும் துடைத்தாள். ஃபவுண்டேஷன் தரை தட்டியது. லிப்ஸ்டிக் கட்டையாகிப் போனது. பெண்ணின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்து, மை கன்னத்தில் வழிந்தது.

"ஏ பிள்ள, அழாத, எல்லாம் கரையுது!"

"இந்த மூஞ்சியோட நான் மேடையில நிக்க மாட்டேன். மண்டபத்துக்கே வரல!" என்று எழுந்து ஓடி, வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருவாங்களே!" என்று சித்தி கையைப் பிசைந்தாள்.

அப்போது கண்ணாடி வாயைத் திறந்தது.

"ஓய் பூதம்! முன்னெல்லாம் உம்மைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வந்து எனக்கு எதுக்க உக்காருவாங்க. சிரிச்ச மூஞ்சியைக் கொடுத்தா சிரிச்ச மூஞ்சியைத் திருப்பிக் கொடுப்பேன். இப்ப வாசல்லயே வாடிப்போய் வாராங்க. நான் எதைவே கொடுக்க?"

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று சீறியது ஹேர் டிரையர்.

"உண்மை பேசுற கண்ணாடியை எந்தப் பார்லர்ல வெச்சிருப்பாங்க?"

பூதம் குனிந்து பார்த்தது. கீழே அந்தப் பெண்ணின் முதுகு குலுங்கியது. பக்கத்தில் வெயில் கொதித்தது. தூணின் நிழல் பூதத்தின் காதோரம் வரைதான் இருந்தது. அது சாயப் பார்ப்பது ஆணிக்குத் தெரிந்துவிட்டது.

"சும்மா தொங்கும்வே. ரெண்டு விரக்கடை சாஞ்சா வெயில். பூசினதெல்லாம் உருகிரும். அப்புறம் குப்பை வண்டிதான்."

பூதம் ஒட்டிய வாயோடு ம்ம் என்றது. ஆணிக்கு அது புரிந்தது. பெருமூச்சு விட்டுக் கொஞ்சம் தளர்ந்து கொடுத்தது. பூதம் முகத்தை வெயிலில் நீட்டியது.

கோவில்பட்டி வெயில் வேலையில் சுணங்காது. நெற்றியிலிருந்து ஃபவுண்டேஷன் ஓடையாக இறங்கியது. ஒட்டு இமைமுடி ஒன்று சறுக்கி வந்து மூக்குக்குக் கீழே பாதி மீசையாக உட்கார்ந்தது. இன்னொன்று காதுப்பக்கம் போய்த் தொங்கியது. வாக்ஸ் இளகியது. அடைபட்டுக் கிடந்த நாக்கு படக்கென்று வெளியே குதித்து, ஒரு சொட்டுச் சாயத்தைப் பெண்ணின் தலையில் போட்டது.

சண்முகப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் ஒரு விக்கல். அப்புறம் ஒரு கீச்சு. அப்புறம் சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"சித்தி! மாப்பிள்ளையோட பெரியப்பா தலைக்கு டை அடிச்சுட்டு வேர்த்து நின்னாரே, அதே மாதிரி இல்ல?"

"வாயை மூடுடி, யார் காதிலயாவது விழுந்திரப் போகுது," என்ற சித்தி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செண்பகவல்லிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அந்தச் சிரிப்போடு பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஃபவுண்டேஷன் தீர்ந்துவிட்டதால் செண்பகவல்லி முகத்தைக் கழுவிவிட்டுப் பவுடர் போட்டாள், மை எழுதினாள், பொட்டு வைத்தாள். பெண் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுத்தது.

"போதும்க்கா," என்றாள் சண்முகப்பிரியா.

சில நாளாகக் காதில் விழாத அந்தச் சொல்லைக் கேட்டு அலமாரியில் மிச்சமிருந்த பாட்டில்களெல்லாம் நடுங்கின.

போகும்போது அவள் மையைத் தொட்டு, பூதத்தின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "என்னை விட்டுட்டு ஊர்க் கண்ணெல்லாம் இனி இதுமேலதான் விழும். அக்கா, இதைக் கழட்டிராதீங்க. அடுத்து என் தங்கச்சிக்கு இங்கதான் வரணும்." செண்பகவல்லி உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, ஆணியை இன்னும் நாலு தட்டுத் தட்டினாள்.

சாயந்தரம் மண்டபத்தில் பெண்ணைப் பார்த்தவர்கள் எல்லாரும் அழகு அழகு என்றார்களாம். சேதி பார்லருக்கு வந்ததும் உள்ளே ஒரே சண்டை.

"நான் போட்ட அடித்தளம்," என்றது காலி ஃபவுண்டேஷன்.

"துடைச்ச பிறகும் என் சிவப்பு கொஞ்சம் உதட்டுல நின்னுதுல்ல?" என்றது லிப்ஸ்டிக்.

"ஈரத்தைக் காயவெச்சது யாருங்கேன்?" என்றது ஹேர் டிரையர்.

பூதம் தூணிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. இதுவரை ஒருத்தரையும் பழிக்காத அந்த நாக்கு, முதல் தடவையாகக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் பார்த்து நீண்டிருந்தது.