ஏழு மைத்துனர்களும் எறிபந்து வீரனும்

கொன்றைக்கோட்டையை ஆண்ட வல்லபராயருக்கு எறிபந்து என்றால் உயிர். ஆட்டம் எளியது. ஒரு தரப்பு வீரன் பந்தை எறிவான், மறுதரப்பு ஆள் அதைக் கட்டையால் அடிப்பான். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் பந்தைத் தடுத்துவிட்டால் அடித்தவன் வெளியே போக வேண்டும். பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டினால் அவன் தரப்புக்கு ஒரு கொடி. கொடி அதிகம் சேர்த்தவர் வென்றவர்.

அரண்மனையின் எறிவீரன் காத்தமுத்து. பதினான்கு வருடமாக எறிகிறான். சாயங்காலம் ஆனால் சுடவைத்த விளக்கெண்ணெயைத் தோளில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஜெயித்த அன்று "மன்னர் வென்றார்!" என்று முரசு அறைவார்கள். தோற்ற அன்று "காத்தமுத்து தோற்றான்!" என்று அறைவார்கள். அதுதான் அந்த ஊர் வழக்கம்.

மூன்று வருடமாக முரசில் அவன் பெயர்தான் கேட்டது. காரணம் ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை. மகாராணியின் தம்பிமார் ஏழு பேரும் களத்தில் பந்து தடுக்க நியமனம் ஆகியிருந்தார்கள். ஒருவர் புங்க மரத்து நிழலை விட்டு வரமாட்டார். ஒருவருக்கு வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் பந்து போய்விடும். ஆறாமவர் பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். மரியாதை தெரிந்தவர்.

தொடர்ந்து பன்னிரண்டாவது ஆட்டமும் தோற்றபோது பெரிய மைத்துனர் அகோர ராயர் சபையில் எழுந்தார்.

"அத்தான், இவன் தோள் போய்விட்டது. நேற்று அடித்த பந்து என் காலுக்கு நேராகவே வந்தது. நான் குதித்து விலகியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?"

"ஐயோ மச்சான்!" என்று பதறினார் வல்லபராயர். காத்தமுத்துவைப் பார்த்தார். "சித்திரைப் பௌர்ணமிக்கு மருதக்கோட்டையோடு ஆட்டம். அதிலும் தோற்றால் மறுநாள் முதல் நீ யானைக் கொட்டிலில் லத்தி அள்ளு."

"மகாராஜா, தடுக்க நிற்கிறவர்களை மட்டும் கொஞ்சம்..."

அந்தப்புரத் திரைக்குப் பின்னால் மகாராணி இருமினார். மகாராணி இருமினால் ராயருக்கு மார்கழியிலும் வியர்க்கும்.

"அந்த ஏழு இடத்தில் வேறு ஆள் எவனும் நிற்கக் கூடாது! நின்றால் தலை இருக்காது!" என்று ஆணை போட்டுவிட்டு மன்னர் எழுந்து போனார்.

காத்தமுத்து நேராக விகடகவி தாண்டவரின் வீட்டுக்கு வந்தான்.

"உண்மையைச் சொல்லப்பா, தோள் போய்விட்டதா?" என்று கேட்டார் தாண்டவர்.

"வேகம் போயிருக்கு ஐயா, மறைக்க மாட்டேன். இருபது வயசில் எவனையும் அடிக்கவே விட்டதில்லை. இப்போ அடிக்க விடறேன். ஆனா எந்தப் பக்கம் அடிப்பான்னு தீர்மானிக்கிறது நான்தான். உள்ளே வளைத்துப் போட்டால் இடப்பக்கம் போகும். தணித்துப் போட்டால் நேரே வரும். அங்கே ஒருத்தர் நின்றால் போதும்."

"நின்று, பிடிக்க வேண்டாமா?"

"பிடிக்கவே வேண்டாம் ஐயா. ஓடிப் போகாமல் இருந்தால் போதும்."

தாண்டவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். "போய்த் தூங்கு" என்றார்.

மறுநாள் அகோர ராயரின் மாளிகையில் போய் நின்றார்.

"சித்திரை வெயில் கொளுத்துகிறது பிரபு. தங்கள் மேனி கறுத்துவிடுமே என்று எனக்கு ஒரே கவலை."

"என்ன செய்வது தாண்டவரே? நாட்டுக்காக நிற்கிறோம்."

"தாங்கள் ஏழு பேரும் மன்னர் பக்கத்தில் பந்தலில் அமருங்கள். தங்கள் பட்டும் தலைப்பாகையும் களத்தில் நின்றால் போதாதா?"

"பந்தலில் இளநீர் உண்டா?"

"நுங்கும் உண்டு."

"அப்படியானால் சரி" என்றார் அகோர ராயர்.

பௌர்ணமி அன்று களத்தில் ஏழு வைக்கோல் பொம்மைகள் நின்றன. பட்டு உடுத்தி, தலைப்பாகை கட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, காத்தமுத்து சொன்ன ஏழு இடத்தில் நின்றன. மருதக்கோட்டை அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வைக்கோலா? தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்!" என்றார்.

வல்லபராயருக்கு முகம் சிவந்தது. "தாண்டவரே! என் ஆணை என்ன?"

"வேறு ஆள் நிற்கக் கூடாது என்பது ஆணை, மகாராஜா. அங்கே ஆள் எங்கே நிற்கிறான்?"

ராயர் அந்தப்புரப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தம்பிமார் சௌகரியமாக நுங்கு தின்பதைப் பார்த்து மகாராணி மனம் குளிர்ந்திருந்தார். ராயரும் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

காத்தமுத்து முதல் பந்தைத் தணித்துப் போட்டான். மருதக்கோட்டை ஆள் ஓங்கி அடித்தான். பந்து நேரே போய் அகோர ராயரின் பட்டு வயிற்றில் 'பொத்'தென்று புதைந்து நின்றது. அடுத்ததை உள்ளே வளைத்தான். அது ஆறாமவரின் நெஞ்சில் போய் நின்றது. பொம்மை வழிவிடவில்லை. நிழலுக்கும் போகவில்லை. வெற்றிலையும் கேட்கவில்லை.

"அகோர ராயர் வாழ்க!" என்று கூட்டம் கத்தியது. பந்தலில் இருந்த அகோர ராயர் வாயில் நுங்கோடு எழுந்து கும்பிட்டார்.

மருதக்கோட்டைக்கு ஒரு கொடிகூட இல்லை. கொன்றைக்கோட்டைத் தரப்பில் கட்டை பிடித்த அரண்மனைக் காவலர்கள் அடித்துச் சேர்த்தது இரண்டு கொடி. "மன்னர் வென்றார்!" என்று முரசு முழங்கியது.

மன்னர் இறங்கி வந்து தன் கைக்காப்பைக் கழற்றிக் காத்தமுத்துவின் வலது கையில் போட்டார். "உன் தோள் இருக்கும் வரை நீதான் எறிவீரன்" என்றார். பிறகு பொம்மைகளைப் பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"தாண்டவரே, நம் மானத்தைக் காத்தவை இவைதாம். இந்த ஏழுக்கும் ஆளுக்கொரு பட்டமும் பல்லக்கும் கொடுத்துவிடலாமா?"

தாண்டவர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் மகாராஜா! பல்லக்கில் ஏறிவிட்டால், அடுத்த ஆட்டத்தில் பந்து வரும்போது இவையும் விலகி நிற்கும்."