நான்காவது கட்டம்

இசக்கியம்மாள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் கோ-கோ அணிக்குத் தலைவி. திங்கட்கிழமை அவள் இரட்டைப் பின்னலைக் காதுக்கு மேல் மடித்துக் கட்டி வந்தால், வாரம் முடிவதற்குள் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேரின் பின்னல் காதுக்கு மேல் ஏறிவிடும். அவள் வராந்தாவில் நடந்து போகும்போது குழாயடிப் பேச்சு ஒரு கணம் தணியும். அவள் அதைக் கவனித்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்பு நிரஞ்சனா அவளிடம் ஆட்டம் கற்றுக்கொண்டிருந்தாள். மாலையில் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பாள். கோடு போடச் சுண்ணாம்புப் பொடி சுமந்து வருவாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அக்கா, ஸ்கூலே உங்களைப் பாக்குது. அது எப்படிக்கா வரும்?"

இசக்கி கோட்டைக் கடைசிவரை போட்டு முடித்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நீ துரத்து. நான் ஓடுதேன்."

கேள்விக்குக் காரணம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் புங்கமரத்தடியில் ஒரு வட்டம் கூடும். அது நிரஞ்சனாவின் வகுப்பிலேயே படிக்கும் ஹர்ஷினியின் வட்டம். அவள் டப்பாவைத் திறந்த பிறகுதான் மற்ற டப்பாக்கள் திறக்கும். அவளுக்கு எவ்வளவு பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை வைத்தே அந்த வகுப்பில் அவளுடைய மதிப்பு. நிரஞ்சனா ஜூன் மாதம் வட்டத்துக்கு வெளியே நின்றாள். நவம்பரில் ஹர்ஷினிக்கு அடுத்தவளுக்கு அடுத்த இடம் அவளுடையது. பதினான்கு வயதில் அது சிறிய காரியமில்லை.

அதே வகுப்பில் செல்வக்கனி இருந்தாள். குற்றாலத்துக்குச் சுற்றுலா போன பஸ்ஸில், ஹர்ஷினியின் புதுச் சுடிதார் மேல் வாந்தி எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரே குற்றாலம். அவள் வந்தால், அருவி வருது, ஒதுங்குங்கட்டி என்பார்கள். தவறி அவள் மேல் கை பட்டால் உடனே அடுத்தவள் மேல் துடைத்துவிட வேண்டும். துடைக்காதவளுக்கு வட்டத்தில் இடமில்லை. செல்வக்கனி காற்றைப் போல ஓடுவாள். அவர்களுக்குப் பஸ் மட்டும்தான் நினைவிருந்தது.

மறுநாள் மாலை இசக்கி எட்டுப் பேரை வரிசையாகக் கட்டங்களில் உட்காரவைத்தாள். ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து. நான்காவது கட்டத்தில் செல்வக்கனி. அவளுக்கு எதிரே மேற்கு மதில். முதுகுக்குப் பின்னால் கலையரங்கப் படிகள். படிகளில் ஹர்ஷினியும் அவள் கூட்டமும்.

ஆட்டத்தின் விதி எளியது. ஓடுகிறவள் வரிசைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகலாம். துரத்துகிறவள் புகக் கூடாது. மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு, கோ என்று சொல்லிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார வேண்டும். தொடப்பட்டவள் எழுந்து துரத்துவாள்.

நிரஞ்சனா துரத்தினாள். இசக்கி செல்வக்கனிக்குப் பக்கத்தில் வரிசைக்குள் புகுந்து மேற்கே போனாள். போனவள் ஓடவில்லை. செல்வக்கனி எழுந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள்.

நிரஞ்சனா நான்காவது கட்டத்துக்கு வந்தாள். படிகளைப் பார்த்தாள். தாண்டி ஓடி ஆறாவது கட்டத்தில் கோ கொடுத்தாள். ஆறாவது பெண் எழுவதற்குள் இசக்கி வரிசையின் வடக்குக் கோடியில் நட்ட கம்பத்தில் இருந்தாள்.

"மறுபடி," என்றாள் இசக்கி.

மறுபடியும் அதே இடத்தில் புகுந்து அதே இடத்தில் நின்றாள். நிரஞ்சனா மறுபடியும் தாண்டி ஓடினாள். படிகளிலிருந்து சிரிப்பு வந்தது. இசக்கி திட்டவில்லை. முகம்கூட மாறவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இன்னொரு தடவை என்றாள்.

மூன்றாம் முறை அவள் நின்றபோது நிரஞ்சனாவுக்கு மூச்சு இரைத்தது. முன்னால் செல்வக்கனியின் முதுகு. வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. அந்த முதுகு காத்திருந்தது. எத்தனை மாலைகளாகவோ.

"கோ."

தொட்ட கையின் கீழே ஆள் இல்லை. செல்வக்கனி போய்விட்டிருந்தாள்.

இசக்கி விட்டுக்கொடுத்து ஓடுகிறவள் அல்ல. உடம்பை ஒடித்தாள், ஏமாற்றினாள், கம்பத்தைச் சுற்றினாள். அந்த வருடம் பயிற்சியில் அவளைத் தொட்டவர் இல்லை. செல்வக்கனி மண்ணில் விழுந்து, நீட்டிய கையால் அவள் குதிகாலைத் தொட்டாள். இசக்கியும் முழங்கை சிராய்த்துக் கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே சிரித்தாள். மைதானத்தில் யாரோ கை தட்டினார்கள்.

நிரஞ்சனா அதைப் பார்க்கவில்லை. அவர்கள் விழுந்தது வடக்குக் கம்பத்தருகே. அவள் நான்காவது கட்டத்தில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கு எதிரே மதில் மட்டும். ஒரு பக்கம் காரை பெயர்ந்திருந்தது. பின்னால் படிகளில் ஹர்ஷினியின் குரல்.

"குற்றாலத்துல இனி ரெண்டு அருவிட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் சிரிக்கிறவர்கள் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் முதுகில் வந்து விழுந்தது.

மறுநாள் மதியம் வட்டத்தில் இடைவெளி இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. டப்பாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருங்கி இருந்தன, அவ்வளவுதான். கை கழுவிட்டியாட்டி என்று ஹர்ஷினி மட்டும் அன்பாக விசாரித்தாள். நிரஞ்சனா குழாயடியில் நின்றபடி சாப்பிட்டாள். சைக்கிள் கொட்டகை ஓரத்தில் செல்வக்கனி தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மாலையில் இசக்கி கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைக் காயத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. நிரஞ்சனா சுண்ணாம்புச் சட்டியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என் இடம் போச்சுக்கா."

இசக்கி ம் என்றாள்.

"யாருக்காகப் போச்சோ, அவ திரும்பிக்கூடப் பாக்கலக்கா. கோ குடுத்தது நான்தான்னு அவளுக்குத் தெரியுமான்னே தெரியல."

இசக்கி நிமிர்ந்தாள். வெள்ளைக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். நெற்றியும் வெள்ளையாயிற்று.

"அவ திரும்பிப் பாத்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்ட்டி."