பூசாத பக்கம்

விருத்தகிரி கேட்ட கேள்வி சின்னதுதான். அதைக் கேட்க அவருக்கு நாலு வருஷம் பிடித்தது.

"சாமி, கரண்ட் பில்லைக் குறைக்கிறது ஒரு குத்தமா?"

சட்டநாத சாமி மடத்து வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சாமியாராவதற்கு முன் லாரி ஓட்டியவர், சீடரைவிட ஐந்தாறு வயது இளையவர். விருத்தாசலத்தில் வசதியுள்ளவர்கள் பெரிய பெரிய மடங்களாகத் தேடிப் போவார்கள். பெயிண்ட் கடை விருத்தகிரிக்கு மட்டும் ஆற்றங்கரையில் ஒற்றை பல்பு எரியும் இந்த மடம்தான் தோது. இங்கே காணிக்கை கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

"குத்தம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் உறுத்துது."

சாமி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். விருத்தகிரியும் சொன்னார்.

அவருக்கு ஒரே தம்பி, பழமலை. இரண்டு பெயருமே ஊர்க் கோயிலில் இருக்கும் ஒரே சிவனுடையவை. கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் இருவரும் அப்பா கட்டிய வீட்டில் ஒரே அடுப்பில்தான் சாப்பிட்டார்கள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். பில்லுக்கு அஞ்சத்தான் வேண்டியிருந்தது. இரண்டு ஏசி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், பிள்ளைகள் அணைக்க மறந்த விளக்குகள், எல்லாம் ஒரே மீட்டரில் ஓடின. ஓர் அளவைத் தாண்டினால் யூனிட்டின் விலையே ஏறிவிடும். இவர்கள் ஒவ்வொரு தடவையும் தாண்டினார்கள். விருத்தகிரி ஏசியை நிறுத்திப் பார்த்தார், பிள்ளைகளைத் திட்டிப் பார்த்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எந்நேரமும் சொல்லிக்கொண்டிருப்பவர், ரீடிங் எடுக்கிறவர் வரும் வாரம் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டார்.

கடைக்கு வந்த ஓர் எலெக்ட்ரீஷியன்தான் வழி சொன்னான். வீட்டை இரண்டாகக் காட்டினால் இரண்டு மீட்டர் கிடைக்கும். அதற்குத் தனி வாசல் வேண்டும், தனி அடுப்பு வேண்டும், நடுவில் சுவர் வேண்டும்.

பழமலைக்கு மனசில்லை. விருத்தகிரிதான் தேற்றினார். பேருக்கு ஒரு சுவர் எழுப்புவோம், வந்து பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் இடித்துவிடலாம் என்றார். கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், இரண்டாவது மீட்டரை மாட்டினார்கள். இரண்டு பில்லையும் சேர்த்தாலும் பழைய பில்லில் பாதிதான் வந்தது. விருத்தகிரி கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சுவரை இடிக்க நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும், மறுபடி யாராவது வந்து சோதித்தால் என்ன செய்வது என்று பயம் வந்தது. கொஞ்ச நாள் தம்பி குடும்பம் தெருவைச் சுற்றி வந்து இந்தப் பக்கம் சாப்பிட்டது. பிறகு குழம்பு மட்டும் கிண்ணத்தில் போய் வந்தது. அப்புறம் கிண்ணமும் நின்றது. தண்ணீர் மோட்டார் அண்ணன் மீட்டரில் ஓடியதால், நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று விருத்தகிரி தன் மனைவியை விட்டுச் சொல்லியனுப்பினார். பழமலை மறுவாரமே போட்டுக்கொண்டார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நாலு பேர் வந்து சமாதானமாவது பேசியிருப்பார்கள்.

இப்போது பழமலை தன் பங்கை விற்றுவிட்டார். பத்திரமும் முடிந்துவிட்டது. ஓசூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறார். சாமான் ஏற்றும் லாரி காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் கெளம்புறான் சாமி. எங்கிட்ட சொல்லிக்கிட்டுப் போவானான்னுகூடத் தெரியல. ரெண்டு குடும்பத்துக்கும் நல்லதுன்னுதான் செஞ்சேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

சாமி முறத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

வீட்டு வாசலில் லாரி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சாமிக்குப் பழக்கதோஷம், சுற்றி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார், தளர்ந்திருந்த ஒரு முடிச்சைத் தானே இறுக்கினார். பிறகு விருத்தகிரியின் கூடத்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாற்போல உட்கார்ந்தார். பெயிண்ட் கடைக்காரர் வீட்டுச் சுவர் அல்லவா, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. இளம்பச்சை நிறம். நடுவில் டிவி மாட்டியிருந்தது.

"குடிக்கத் தண்ணி வேணும்" என்றார் சாமி.

விருத்தகிரி சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இங்க வேணாம். தம்பி வீட்டுலேருந்து வாங்கிட்டு வாங்க."

விருத்தகிரி தயங்கி நின்றார். அவர் மனைவி கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். சாமி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார், இனி அவரோடு பேச்சு நடக்காது.

முன்பெல்லாம் கூடத்தைக் குறுக்கே கடந்தால் போதும். இப்போது விருத்தகிரி வாசல்படி இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்த வாசல்படி ஏறினார். சாப்பிட வந்ததெல்லாம் அவர்கள்தான், இவர் போனதில்லை. நல்லது கெட்டது எதுவானாலும் தெருவில் நின்றே பேசி முடித்திருந்தார். சுவர் எழும்பிய பிறகு அந்தப் பக்கம் அவர் உள்ளே கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

கூடம் காலியாக இருந்தது. பழமலை தரையில் குந்தியபடி ஒரு பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கேட்க வந்த விருத்தகிரி எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். செங்கல் செங்கல்லாகத் தெரிந்தது. பூச்சு இல்லை. வெள்ளைகூட அடிக்கவில்லை. கொத்தனார் அவசரத்தில் விட்டுப்போன சாந்து அங்கங்கே வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. மற்ற மூன்று சுவர்களும் பொங்கலுக்கு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தன.

"ஏன்டா, இதை மட்டும் பூசாம வச்சிருக்க?"

பழமலை பாயிலிருந்து தலையைத் தூக்கினார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அண்ணன் தன் வீட்டுக்குள் நின்று பேசுகிறார் என்ற ஆச்சரியம்தான் முகத்தில் தெரிந்தது.

"இடிக்கப்போற செவுருதானேண்ணே. எதுக்கு வீண் செலவுன்னு விட்டுட்டேன்."

சாமிக்குத் தண்ணீர் வேண்டும் என்று விருத்தகிரி எப்படியோ சொல்லி முடித்தார். பாத்திரமெல்லாம் லாரியில் ஏறிவிட்டிருந்தது. பழமலை வழிக்கென்று நிரப்பி வைத்திருந்த பாட்டிலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

வந்த வழியே திரும்பி வந்து விருத்தகிரி பாட்டிலை நீட்டினார். சாமி அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டு மூடியைத் திருகினார்.

"மீதியைக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க. அவங்களுக்கு வழிக்கு வேணும்."

விருத்தகிரி அதை வாங்கவில்லை. அவர் தன் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அந்த வாரமே பூசச் சொன்ன சுவர். பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்து, கலர்கூட அவரே கலந்து கொடுத்தது. அன்றைக்குத் தம்பி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு அழுகை வந்தது. மனைவி நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

வெளியே லாரியின் பின்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆளைக் கூப்பிடறேன் சாமி" என்று விருத்தகிரி வாசல் பக்கம் திரும்பினார். "கடப்பாரை கொண்டாரச் சொல்றேன். அவன் போறதுக்குள்ள இதை இடிச்சிடறேன்."

சாமி பாட்டிலைச் சுவரோரமாக வைத்தார்.

"இடிக்கலாம்" என்றார். "வாங்கினவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."